பழைய சத்திரத்தில் விருந்து: நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) அனுபவங்கள், எழுதியவரின் ஊர் பெயரோடு

ஃப்ரேமிங்ஹாம், மாசச்சூசெட்ஸ்

கல்யாண நாளுக்கு எங்கே சாப்பிடப் போகலாம் என்று கேட்டிருந்த நண்பருக்கு: சட்பரியில் இருக்கும் வேஸைட் இன் என்ற பழைய சத்திரத்துக்குப் போங்கள். பாஸ்டனுக்கு மேற்கே, பழைய போஸ்ட் ரோடு ஓரத்தில் இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். இருட்டிய பிறகு போனால் சாப்பாடு மட்டும்தான் கிடைக்கும், இடத்தைப் பார்க்க முடியாது. அங்கே இடம்தான் பாதி விருந்து.

1716-ல் டேவிட் ஹவ் என்பவர் தன் வீட்டிலேயே வழிப்போக்கர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுக்க ஆரம்பித்தார். அவர் மகன் எசெக்கியல் காலத்தில் சத்திரத்துக்கு ரெட் ஹார்ஸ் என்று பெயர். 1775 ஏப்ரல் 19 அன்று சட்பரி ஆட்களைத் திரட்டிக்கொண்டு அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கமான கான்கார்டு சண்டைக்குப் போனவரும் இந்த எசெக்கியல்தான். நான்கு தலைமுறை, 1861 வரை ஒரே குடும்பத்தின் கையில் இருந்திருக்கிறது. மறு வருடம் கவிஞர் லாங்ஃபெல்லோ வந்து பார்த்துவிட்டுப் போய், இந்தக் கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்வதாக ஒரு நூலே எழுதினார். 1863-ல் வெளிவந்த அந்த நூலின் தலைப்பிலிருந்துதான் இன்றைய பெயர்.

உள்ளே கூரை ரொம்பத் தாழ்வு. உயரமான ஆட்கள் உத்தரத்தைப் பார்த்ததும் தானாகவே தலையைக் குனிகிறார்கள். பழைய பார் அறையில், இரவு கடை கட்டும்போது இறக்கி மூடுவதற்கு மரச்சட்டத் தடுப்பு ஒன்று மேலே தொங்குகிறது. பக்கத்தில் கணப்பு. பலகைத் தரை நடக்க நடக்க முனகும். இங்கே கூ-வூ என்று ஒரு பழைய பானம் கொடுப்பார்கள். ரம்மும் இஞ்சி பிராந்தியும் கலந்தது, சின்ன கிளாஸ்தான். குளிர்காலத்தில் தொண்டைக்கு இதமாக இருக்கும். வண்டி ஓட்டுபவர் தொடவேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். காரம் மணம் எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். நான் சாப்பிட்டது யாங்கி பாட் ரோஸ்ட்: மாட்டிறைச்சியை கேரட், வெங்காயத்தோடு மணிக்கணக்கில் மெல்லிய தீயில் வேகவைத்தது. கத்தியே வேண்டாம், முள்கரண்டி பட்டாலே பிரிந்துவிடுகிறது. உப்பும் மிளகும் தவிர பெரிதாக எதுவும் இல்லை, குழம்பு மட்டும் அடர்த்தி. கூட வந்தவர் ஸ்க்ராட் வாங்கினார். மேலே பிஸ்கட் தூள் தூவி ஓவனில் சுட்ட வெள்ளை மீன், அவ்வளவுதான். எல்லாமே குடியானவன் வீட்டுச் சாப்பாடு, விலை மட்டும் பெரிய ஹோட்டல் விலை. எனக்கு அதில் வருத்தம் இல்லை, சொல்லிவைத்தால் நல்லது என்றுதான்.

அசந்துபோனது ரொட்டியிலும் கடைசி இனிப்பிலும்தான். சத்திரத்துக்குப் பக்கத்திலேயே மாவு ஆலை ஒன்று தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடுகிறது. 1923-ல் சத்திரத்தை வாங்கிய கார் முதலாளி ஹென்றி ஃபோர்ட் 1929-ல் கட்டியது. அங்கே கல்லில் அரைத்த மாவில்தான் ரோல் சுடுகிறார்கள். சூடாக வரும்போது பிட்டு வெண்ணெய் தடவிப் பாருங்கள், மக்காச்சோளத்தின் நறநறப்பு நாக்கில் தெரியும். அப்புறம் இண்டியன் புட்டிங். சோள மாவு, பால், மொலாசஸ் என்ற கரும்புப் பாகு மூன்றையும் ஓவனில் நெடுநேரம் வைத்து எடுப்பது. பார்க்க அழகாக இருக்காது. கேழ்வரகுக் களியில் கருப்பட்டிப் பாகு ஊற்றிய மாதிரி ஒரு ருசி, மேலே உருகும் வனிலா ஐஸ்கிரீம். பாட் ரோஸ்ட்டில் பாதியை வைத்துவிட்டாவது இதற்கு வயிற்றில் இடம் விடுங்கள்.

இன்னொன்று: 1955 டிசம்பரில் பெரிய தீ விபத்து நடந்து, ஃபோர்ட் அறக்கட்டளை கொடுத்த பணத்தில் 1958-ல் மறுபடி திறந்திருக்கிறார்கள். அதனால் கண்ணில் படும் ஒவ்வொரு பலகையும் முந்நூறு வருடப் பழசு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஹார்ட்ஃபோர்டு, கனெக்டிகட்

நல்லா எழுதியிருக்கீங்க. கொஞ்சம் கலகலப்பு வேண்டும் என்றால் எங்கள் பக்கம் எஸெக்ஸில் கிரிஸ்வோல்டு இன் இருக்கிறது, 1776-ல் தொடங்கியது. சுவர் முழுக்கக் கப்பல் ஓவியங்கள். 1814-ல் பிரிட்டிஷ் படை ஆற்றோடு வந்து இந்த ஊர்க் கப்பல்களை எரித்துவிட்டுப் போனது. ஞாயிறு காலை ஹன்ட் பிரேக்ஃபாஸ்ட் விருந்து அந்தப் படை தங்கியிருந்தபோது ஆரம்பித்தது என்று ஊரில் சொல்வார்கள், நம்புவது உங்கள் இஷ்டம். பார் அறை முன்பு பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். வளைந்த கூரை, நடுவில் இரும்பு அடுப்பு, மூலையில் பழங்காலத்துப் பாப்கார்ன் இயந்திரம். மாலுமிப் பாட்டு நடக்கும் இரவில் போனால் பக்கத்து மேஜைக்காரர் மேஜையைத் தட்டிக்கொண்டே உங்களையும் பாட வைத்துவிடுவார்.

எல்லா இடமும் இப்படி இருக்காது. வேறொரு சத்திரம், பெயர் வேண்டாம். முன்பதிவு செய்தும் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள், கடைசியில் சமையலறைக் கதவை ஒட்டி ஒரு மேஜை. கணப்பு இருக்கும் கூடம்தான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இலையுதிர் கால வாரக்கடைசி, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை என்றால் ரொம்ப முன்னதாகவே கூப்பிட வேண்டும்.

நாஷுவா, நியூ ஹாம்ப்ஷயர்

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவும். பாஸ்டன் பேக்டு பீன்ஸ் என்பதைப் பார்த்து அவரைக்கொட்டைதானே என்று வாங்கிவிடாதீர்கள், வழக்கமான முறையில் அதில் உப்புக்கண்டப் பன்றி போடுவார்கள். கிளாம் சௌடர் என்ற சிப்பி சூப்பிலும் சிப்பியோடு பெரும்பாலும் அது இருக்கும். பை (pie) என்ற பண்டத்தின் மாவு மேலோட்டில் பன்றிக் கொழுப்பா வெண்ணெயா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. இண்டியன் புட்டிங்கில் முட்டை உண்டா என்று ஃப்ரேமிங்ஹாம் அண்ணா சொல்லவில்லையே?

ஃப்ரேமிங்ஹாம், மாசச்சூசெட்ஸ்

அக்கா, வீட்டுக்கு வீடு மாறும், சிலர் முட்டை சேர்ப்பார்கள். பரிமாறுபவரிடம் சொன்னால் சமையலறையில் விசாரித்துச் சொல்வார். டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம், வரி தனி. பெரிய கூட்டமாகப் போனால் டிப்ஸை பில்லிலேயே சேர்த்திருப்பார்கள், இரண்டு முறை கொடுத்துவிடாதீர்கள்.