கெர்னலில் கேஷ் எங்கே அமைய வேண்டும்: பணியில் கண்டவை

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

கடலூர் சிப்காட் ஆலை ஒன்றுக்கான அளவீட்டுக் கருவியின் லினக்ஸ் டிரைவரைப் (கருவியை இயக்க முறைமையின் மையமான கெர்னலோடு இணைக்கும் நிரலை) பரிசீலிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் 136 பைட் கொண்ட பதிவு ஒன்றை ஒதுக்குவதும், அது பயனர் நிரலைச் சேர்ந்ததும் விடுவிப்பதுமே அந்த டிரைவரின் பெரும்பாலான வேலை. எழுதியவர் வேகம் கருதி, விடுவித்த பதிவுகளைத் தனிப் பட்டியலில் சேர்த்துவைத்து, அதை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாதபடி ஒரு லாக்கும் (பூட்டும்) போட்டிருந்தார். மெமரியைப் பொருள்களுக்குப் பிரித்துத் தரும் கெர்னலின் ஸ்லாப் அடுக்கு இதே வேலையைச் சிபியு ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் வைத்து, பெரும்பாலும் லாக் இல்லாமலே செய்துவிடுகிறது. அதற்கு மேல் இன்னொரு கேஷ் (மறுபயன்பாட்டுக்கான சேமிப்பு) வைப்பதில் பலனில்லை. மெமரியைத் திருப்பித் தரும்படி கெர்னல் அழைக்கும் ஷ்ரிங்கர் எதுவும் பதிவு செய்யாத அந்தப் பட்டியலில் முடங்கிய மெமரியை, நெருக்கடி வரும்போதும் கெர்னலால் மீட்க முடியாது.

பட்டியலை நீக்கிய பின், கெர்னலின் பொதுவான ஒதுக்கீட்டுச் செயற்கூறான கேமாலக் போதுமா, இந்தப் பதிவுக்கென்றே ஸ்லாப் அடுக்கில் தனி கேஷ் வேண்டுமா என்று பார்த்தோம். 136 பைட் கேட்டால் கேமாலக் 192 பைட் துண்டைத் தரும். 4096 பைட் பேஜுக்குக் (கெர்னல் மெமரியைப் பிரிக்கும் அலகுக்கு) கணக்கிட்டால் அதில் 21 பதிவுகளே அடங்கும். தனி கேஷில் 30 அடங்கும். ஆயிரக்கணக்கில் புழங்கும் பதிவு என்பதால் தனி கேஷையே தேர்ந்தோம். ஒரு சாதனத்துக்கு நாலைந்து பதிவுகள்தான் என்றால் கேமாலக்கே சரி என்பது என் உறுதியான கருத்து. கேஷை உருவாக்கும் வரியை மாட்யூலின் (கெர்னலில் ஏற்றி நீக்கக்கூடிய டிரைவர் நிரலின்) தொடக்கச் செயற்கூற்றில் வைத்தோம். ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒருமுறை ஓடும் புரோப் செயற்கூற்றில் வைத்திருந்தால், சாதனத்துக்கு ஒன்றாக ஒரே பெயரில் பல கேஷ்கள் உருவாகியிருக்கும். பொருள் வகைக்கு ஒரு கேஷ் என்பதுதானே, சன் நிறுவனப் பொறியாளர் ஜெஃப் பான்விக் 1994-இல் சன்ஓஎஸ் 5.4 இயக்க முறைமைக்காக விவரித்த ஸ்லாப் முறையின் அடிப்படை.

கடலூர் முதுநகர் (மறுமொழி):

ஐயா, கேஷை உருவாக்கும் இடத்தைப் போலவே அழிக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் மாட்யூலை நீக்கும்போது, கேஷில் இன்னும் பொருள்கள் மீதமிருப்பதாகக் கெர்னல் எச்சரித்தது. கசிவு எங்கும் தென்படவில்லை. விடுவிக்கும் வேலையை ஆர்சியு கால்பேக்குகளிடம் (தரவைப் படிப்பவர்கள் முடித்த பிறகே ஓடும் செயற்கூறுகளிடம்) ஒப்படைத்திருந்ததால், கேஷை அழிக்கும் நேரத்தில் அவற்றில் சில இன்னும் ஓடி முடியவில்லை. அழிக்கும் வரிக்கு முன், அந்தக் கால்பேக்குகள் ஓடி முடியும்வரை காத்திருக்கும் ஆர்சியு பேரியரை அழைத்ததும் எச்சரிக்கை நின்றது. இந்த இடத்தில் சிங்க்ரனைஸ் ஆர்சியு போதாது. அது ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் முடிப்பதற்குக் காத்திருக்குமே தவிர, வரிசையில் நிற்கும் கால்பேக்குகள் ஓடி முடியும்வரை காத்திருக்காது.