பெரியப்பா அனுப்பிய லிங்க்

பெரியப்பா: அம்மாவின் கணக்கை இன்று இரவுக்குள் முடக்கிவிடுவார்களாம். பேங்கிலிருந்து இந்த லிங்க் வந்திருக்கிறது. சரிதானா பாருங்கள்.

சித்தப்பா: அந்தக் கணக்கில் இன்னும் உங்கள் பெயர் மட்டும்தானா அண்ணா?

அத்தை: இப்போது அந்தப் பேச்சு எதற்கு?

ரவி: பெரியப்பா, தொடாதீர்கள்! பேங்க் பெயர் முகவரியின் தொடக்கத்தில் இருந்தால் போதாது. டாட் காமுக்கு ஒட்டி முன்னால் இருக்கும் பெயரைப் பாருங்கள். சம்பந்தமே இல்லை.

பெரியப்பா: பூட்டுப் படம் இருக்கிறதே?

ரவி: நடுவழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது, பூட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். போலித் தளத்திலும் பூட்டு இருக்கும்.

மீனா: எனக்கு பிரவுசர் சிவப்பாக எச்சரிக்கவே இல்லையே.

ரவி: அக்கா, திறந்தாயா?!

மீனா: பார்த்தேன், எதுவும் போடவில்லை.

ரவி: பிரவுசர் பெரும்பாலும் ஏற்கெனவே பிடிபட்ட தளங்களின் பட்டியலைத்தான் நம்புகிறது. பல போலித் தளங்கள் அதில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு மறைந்துவிடும். அதனால்தான் ஆய்வாளர்கள் டீப் லேர்னிங் பக்கம் போனார்கள், அதாவது ஏராளமான உதாரணங்களைப் பார்த்து கணினியே கற்றுக்கொள்ளும் முறை. 2018-இல் வந்த யூஆர்எல்நெட் என்ற மாடல் முகவரியை எழுத்து எழுத்தாகவும் சொல் சொல்லாகவும் படித்து, ஏமாற்று முகவரியின் சாயலைத் தானே கற்றுக்கொள்கிறது. 2021-இல் வந்த ஃபிஷ்பீடியா என்ற இன்னொன்று பக்கத்தைப் படமாகவே பார்க்கிறது. லோகோ இந்த பேங்குடையது, முகவரி அவர்களுடையது இல்லை, அப்படியானால் போலி. காரணத்தையும் காட்டுவதால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஆனால் அதனிடம் இல்லாத லோகோ என்றால் நழுவிவிடும். அதனால்தான்...

அத்தை: தொட வேண்டாம், அவ்வளவுதானே?

ரவி: ஆமாம் அத்தை.

பெரியப்பா: யூசர் பெயர் போட்டுவிட்டேன்.

சித்தப்பா: பாஸ்வேர்ட்?

பெரியப்பா: அடித்தேன். பட்டனை அழுத்தவில்லை.

ரவி: சில பக்கங்கள் அடிக்க அடிக்கவே அனுப்பிவிடும் பெரியப்பா. உடனே மாற்றுங்கள். லிங்க் வழியாக வேண்டாம், பேங்க் செயலியில் போய் மாற்றுங்கள். அதே பாஸ்வேர்ட் வேறு எங்கே இருக்கிறது?

மீனா: அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

சித்தப்பா: பேங்குக்கு போன் செய்யும்போது என் பெயரையும் சேர்க்கச் சொல்லலாம்.

அத்தை: ஆரம்பித்துவிட்டான்.

பெரியப்பா: அதை அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

சித்தப்பா: போன முறையும் இதைத்தான் சொன்னீர்கள்.

மீனா: அப்பா, மாற்றினீர்களா?

ரவி: லிங்க்கைக் குழுவிலிருந்தும் அழித்துவிடுங்கள், எல்லோருக்கும் அழியும்படி.

பெரியப்பா: செயலி அப்டேட் கேட்கிறது. மீனா, போனை எடு.