புதுப்பிப்பு: ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.2, பிரசவம் நல்லபடியாக முடிந்தது

ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.2தான் இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சுகப்பிரசவம், பெண் குழந்தை, இருவரும் நலம்.

முதலில் பலன் தந்தது, கால்சியம் மாத்திரையையும் காபியையும் இரும்பு மாத்திரையிலிருந்து தள்ளி வைக்கச் சொன்ன யோசனை. இரண்டுமே இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்குமாம். இரும்பு மாத்திரையை இரவில் எலுமிச்சை ஜூஸோடும், கால்சியத்தைக் காலையிலும் சாப்பிட்டேன். குமட்டலும் குறைந்தது.

ஆனால் ஏறிய வேகம் போதவில்லை. அப்புறம் இன்னொருவர் சொன்னபடி, அயர்ன் சுக்ரோஸ் (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இரும்புச்சத்து மருந்து) பற்றி மருத்துவரிடம் கேட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டிரிப்ஸில் கலந்து ஏற்றினார்கள். அதை ஏற்றி முடிக்கும் வரை இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பிரசவத்துக்குப் போகும்போது 10.6. பீட்ரூட், பேரீச்சை எல்லாம் நல்லதுதான், ஆனால் இவ்வளவு குறைவுக்கு அவை மட்டும் போதாது.

எதிர்பாராத ஒன்று: பிரசவத்தில் ரத்தப்போக்கு கொஞ்சம் அதிகம். ஆனாலும் ரத்தம் ஏற்ற வேண்டி வரவில்லை. பழைய அளவிலேயே வந்திருந்தால் ஏற்ற வேண்டியிருந்திருக்கும் என்றார் மருத்துவர். குழந்தை பிறந்த பிறகும் 180 நாள் இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.