அழற்சியை அடக்கிற கண் சொட்டு: ஸ்டீரொயிட் இல்லாம வழி இருக்கோ?

தருமபுரம் தையல்காரி:

வணக்கம். எனக்கு 47 வயசு, வீட்டில மிசின் வைச்சுத் தைக்கிறன். இரண்டு வருசமாக் கண் எரிவு. சோளகக் காத்துத் தொடங்கினா றோட்டுப் புழுதி முழுக்க வீட்டுக்குள்ளதான். விடிய எழும்பேக்க இமை ஒட்டிக்கிடக்கும், திறந்தா உள்ளுக்குள்ள மண் அரைபடும். அண்ணாவின்ர திவசத்தண்டு அழுகை வந்தது, கண்ணீர் வரேல்ல. அண்டைக்குத்தான் பயந்தன்.

கிளினிக்கில பேப்பர்க் கீலம் ஒண்டைக் கீழிமைக்குள்ள கொளுவி அஞ்சு நிமிசம் இருத்திச்சினம். 4 மில்லிமீற்றர்தான் நனைஞ்சுது. செயற்கைக் கண்ணீர் தந்தவை, போட்டா அரை மணித்தியாலம் சுகம். பிறகு இரண்டு கிழமைக்கு மட்டும் எண்டு ஸ்டீரொயிட் சொட்டு. அந்த இரண்டு கிழமையும் என்ர பழைய கண் திரும்பி வந்தமாதிரி இருந்தது, ஊசியில நூல் ஒரே தடவையில கோத்தன். முடிய, திரும்ப எரிவு. நான் என்ன செய்தன் எண்டா, வெறும் போத்தலைக் காட்டி ஒரு பார்மசியில வாங்கி, நாலு மாசம் ஒருத்தருக்கும் சொல்லாமப் போட்டன். போன முறை கண் அழுத்தம் பாத்தா 29. டொக்டர் ஏசேல்ல, முகம்தான் மாறினது. உடன நிப்பாட்டச் சொல்லிப்போட்டார்.

அழற்சியையும் அடக்கி, அழுத்தத்தையும் ஏத்தாத சொட்டு ஒண்டு இன்னும் கண்டுபிடிக்கேல்லையா? ஆரும் தெரிஞ்சவை சொல்லுங்கோ.

வட்டக்கச்சி மருந்தாளர்:

அக்கா, நான் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். யாழ்ப்பாணத்தில மருந்தியல் படிச்சு, இப்ப வெளிநாட்டில கண் மருந்து தயாரிக்கிற ஆய்வுகூடத்தில வேலை. நீங்கள் கேட்ட மருந்து இருக்கு. பேர் சைக்ளோஸ்போரின்.

முதல்ல ஏன் எரியுது எண்டு பாப்பம். ஆனையிறவு உப்பளத்தில தண்ணி வத்த வத்த உப்புக் கூடுறமாதிரித்தான் கண்ணிலயும். கண்ணீர் குறைஞ்சா மிஞ்சினதில உப்புச் செறிவு ஏறும். அது மேற்பரப்புக் கலங்களைக் காயப்படுத்தும். அந்தக் கலங்கள் எழுப்பிற அபாயக் குரலுக்கு டீ-கலங்கள் எண்ட வெள்ளைக் கலங்கள் ஓடிவந்து, காக்கிறதுக்குப் பதிலாக் கண்ணீர்ச் சுரப்பியையே தாக்கும், அதுதான் அழற்சி. கண்ணீர் இன்னும் குறையும், உப்பு இன்னும் ஏறும். செயற்கைக் கண்ணீர் உப்பை ஐதாக்குமே ஒழிய இந்தச் சுழலை அறுக்காது. ஸ்டீரொயிட் அறுக்கும். ஆனா கனநாள் போட்டா, சிலருக்குக் கண்ணுக்குள்ள இருக்கிற நீர் வடியிற வாய்க்காலையும் அடைச்சு அழுத்தத்தை ஏத்திவிடும், கற்றரக்ட் எண்ட கண்புரையும் வரலாம்.

சைக்ளோஸ்போரின் நோர்வே மண்ணில இருந்த ஒரு பங்கசுவில இருந்து வந்தது. மாற்றின சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, இதே டீ-கலங்களை அடக்கக் குடுக்கிற மருந்து. அமெரிக்காவில ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தில ரெனி காஸ்வான் எண்ட மிருக வைத்தியர் நாயளின்ர உலர்கண்ணுக்கு அதைப் போட்டுப் பாத்து, கண்ணீர் திரும்பச் சுரக்கிறதைக் கண்டா. மனிசருக்கான 0.05 வீதச் சொட்டுக்கு அங்க 2002 டிசம்பரிலதான் அனுமதி கிடைச்சது.

ஏன் அவ்வளவு காலம்? எங்கட வேலையின்ர உண்மையான பாடு அதுதான். இந்த மருந்து தண்ணியில கரையாது. ஆமணக்கெண்ணெயில கரைச்சு, அந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளியளாத் தண்ணிக்குள்ள நிக்கவைக்கவேணும். நான் முதல்முதல் அந்தப் பால்நிறத்தைக் கையில பிடிச்சபோது அம்மம்மா ஆமணக்கெண்ணெய் காய்ச்சின அடுப்படிதான் நினைவுக்கு வந்தது. அடுத்த சிக்கல், மருந்தில்லாத அந்த எண்ணெய்ப் பாலே காய்ஞ்ச கண்ணுக்கு ஒத்தடம். அப்ப மருந்துதான் வேலை செய்தது எண்டு எப்பிடி நிரூபிக்கிறது? ஆறு மாசம் பாத்த ஆய்வுகளில, உங்களுக்கு வைச்ச அதே கீலத்தில 10 மில்லிமீற்றரோ அதுக்கு மேலயோ முன்னேறினவை மருந்து போட்டவையில 15 வீதம், வெறும் பால் போட்டவையில 5 வீதம். சின்ன இலக்கம்தான், ஆனா உண்மையான வித்தியாசம். இன்னொரு சிக்கல், நோகுதெண்டு சொல்லுற சிலருக்குக் கீலம் நல்லா நனையும், காய்ஞ்சு கிடக்கிற சிலர் ஒண்டுமில்லை எண்பினம். எதை வைச்சு அளக்கிறது எண்டே தெரியாமப் பல மருந்துகள் பரிசோதனையில விழுந்து போச்சு.

2016 இல லிபிடெகிறாஸ்ட் எண்டு இன்னொண்டு வந்தது. டீ-கலம் ஒட்டிக்கொள்ளுற கொளுக்கியைத்தான் அது பிடிக்கும். சிலருக்கு வாயில ஒரு கெட்ட ருசி வரும். 2023 இல தண்ணியே இல்லாத சைக்ளோஸ்போரின் சொட்டும் அமெரிக்காவில அனுமதி பெற்றது.

ஒண்டு மட்டும் அக்கா. இது ஸ்டீரொயிட்மாதிரி மூண்டு நாளில சுகம் தராது. ஆறில ஒருத்தருக்குப் போட்டவுடன எரியும். கிழமைக்கணக்கில, சிலருக்கு மாசக்கணக்கில பொறுக்கவேணும். கனபேர் மருந்து வேலை தொடங்க முதலே எறிஞ்சுபோட்டு இருக்கினம்.

முள்ளியவளை ரீச்சர்:

பிள்ளை, நான் 14 மாசமாச் சைக்ளோஸ்போரின் போடுறன். முதல் அஞ்சு கிழமையும் ஒவ்வொரு நாளும் கலண்டரில கோடு கீறினன். ஏழாம் கிழமைதான் விளக்கு வெளிச்சத்தில கொப்பி திருத்த ஏலுமா இருந்தது. சின்னச் சின்னக் குப்பியா வரும், திறந்தா உடன போட்டுட்டு மிச்சத்தை எறியவேணும், பழுதைத் தடுக்கிற மருந்து அதில இல்லை. என்ர பெட்டியில 15 தொடக்கம் 25 பாகைக்குள்ள வைக்கச் சொல்லிப் போட்டிருக்கு. எங்கட தகரக் கூரைக்குக் கீழ சித்திரையில அது நடக்காது, எங்க வைக்கிறதெண்டு பார்மசியில கேட்டு வையுங்கோ.

வேற ஒண்டும் கேக்கவேணும். உங்களுக்கு வாயும் காயுதோ? விரல் மூட்டு நோகுதோ? எனக்கு இரத்தம் சோதிச்சுச் சோகிரென் எண்டு சொல்லிச்சினம், உடம்பே தன்ர கண்ணீர், எச்சில் சுரப்பியளைத் தாக்கிறது. 1933 இல சுவீடன் நாட்டுக் கண் டொக்டர் ஒருத்தர் எழுதிவைச்ச வருத்தம். பெரும்பாலும் எங்கட வயசுப் பொம்பிளையளுக்குத்தான் வரும். அழுதும் கண்ணீர் வரேல்லை எண்டு நீங்கள் எழுதினதை நான் இரண்டுதரம் வாசிச்சன்.

தருமபுரம் தையல்காரி:

ரீச்சர், ஒரு வருசமாத் தண்ணி இல்லாமப் பாண் விழுங்கேலாது. வயசு எண்டு நினைச்சிருந்தன். காலமை கத்தரிக்கோல் பிடிக்க விரல் மடங்காது. இதைக் கண் கிளினிக்கில நான் சொல்லவேயில்லை, கண்ணுக்கும் விரலுக்கும் என்ன எண்டு. வாற புதன் போறன்.

வட்டக்கச்சி மருந்தாளர்:

அக்கா, முழுக்கச் சொல்லுங்கோ. வாய், விரல், கண்ணீர் வராத அந்த நாள், எல்லாம். அந்தப் போத்தலையும் கொண்டுபோய் நாலு மாசம் எண்டு மறைக்காமச் சொல்லி, கண் அழுத்தத்தைத் திரும்ப அளக்கக் கேளுங்கோ. புதன் பின்னேரம் இஞ்ச எழுதுங்கோ, நான் பாத்துக்கொண்டிருப்பன்.