11 பேர் பார்த்த மளிகைக் கிளையை 7 பேரை வைத்து ஓட்டச் சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது, எதை விடுவது?

அரசலாற்றங்கரை (கேள்வி)

கும்பகோணம் பக்கம் ஒரு செயின் சூப்பர் மார்க்கெட் கிளை. பெயர் வேண்டாம். காலை 8 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். சாதாரண நாளில் 350 பில், மாதத்தின் முதல் பத்து நாள் அதற்கு மேல். செலவுக் குறைப்பு என்று சொல்லி நாலு பேரை எடுத்துவிட்டார்கள். அதில் ரெண்டு பேரிடம் "நானே விலகிக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். இப்போது என்னையும் சேர்த்து ஏழு பேர்.

வாரம் மூன்று லோடு, ஒவ்வொன்றிலும் சுமார் 120 பெட்டி. லாரி சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருகிறது, கூட்டமும் அப்போதுதான். இறக்க ஆள் போனால் ஒரு பில்லிங் கவுண்டர் மூடிவிடும். லூஸ் சரக்கு பேக்கிங் தேங்கிக் கிடக்கிறது. எக்ஸ்பைரி பார்க்க ஆளே இல்லை. ரேக் காலியாக இருந்தால் ஏரியா மேனேஜர் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறார். கேஷ் குறைந்தால் பில்லிங்கில் இருக்கும் பெண்கள் எல்லோர் சம்பளத்திலும் சமமாகப் பிடிக்கிறார்கள்.

தை அறுவடைக் கூட்டம் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஷிப்டை எப்படிப் போடுவது? ஹெட் ஆபீசுக்கு எப்படி எழுதினால் எடுபடும்? சம்பளத்தில் பிடிப்பது செல்லுமா?

---

தேரடி திருவாரூர்

"ஆள் பத்தவில்லை" என்று எழுதினால் எந்த ஹெட் ஆபீசும் அசையாது. மணிக்கணக்கில் எழுதுங்கள். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே போடுகிறேன்.

ஒரு ஆளுக்கு வாரம் 48 மணி. ஏழு பேருக்கு 336. இதில் விடுப்பைக் கழிக்க வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு 12, நோய் விடுப்பு 12, தற்செயல் விடுப்பு 12, தேசிய, பண்டிகை விடுமுறை 9. மொத்தம் 45 நாள். வார ஓய்வு போக வருடத்தில் வேலை நாள் 313, அதில் 45 போனால் 268. அதாவது கையில் நிஜமாக இருப்பது 336 இல்லை, சுமார் 288 மணி. கடை வாரத்துக்கு 98 மணி திறந்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: எந்த நேரத்திலும் கடைக்குள் சராசரியாக மூன்று பேர்கூட இல்லை. இந்த ஒரு வரியைக் கடிதத்தின் முதல் வரியாக வையுங்கள்.

இனி வேலை. பில்லிங்: ஒரு பில் பணம் வாங்கி, பையில் போட்டுக் கொடுக்க ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள். ஒரு கவுண்டர் மணிக்கு 40 பில் தாண்டாது. 350-ல் 157 பில் மாலை ஐந்தரையிலிருந்து எட்டரைக்குள் விழுந்தால், மூன்று மணி நேரத்தில் ஒரு கவுண்டர் 120 தான் முடிக்கும். மிச்சம் 37 பேர் கூடையோடு நிற்பார்கள், இல்லை கூடையை வைத்துவிட்டுப் போவார்கள். ஆகவே மாலை இரண்டு கவுண்டர், மற்ற 11 மணி நேரமும் ஒன்று: நாளைக்கு 17 மணி, வாரம் 119.

லோடு: 120 பெட்டியை இரண்டு பேர் எண்ணி இறக்க இரண்டு மணி நேரம், ரேக்கில் அடுக்க பெட்டிக்கு ஐந்தாறு நிமிடம் வீதம் 11 மணி. ஒரு லோடுக்கு 15, வாரம் 45. காய்கறி பிரிப்பதும் மாலை எடை போடுவதும் 35. பேக்கிங் 15. எக்ஸ்பைரி 6. திறப்பு, சுத்தம், கேஷ் முடிப்பு 14. வாசலில் பை வாங்கி வைத்து, கேட்பவருக்குப் பொருள் எடுத்துக் கொடுக்க எப்போதும் ஒருவர்: 98. கூட்டினால் 332. இருப்பது 288. குறைவது 44 மணி.

பதினொரு பேரையும் திரும்பக் கேட்காதீர்கள். அதே கணக்கில் 11 பேர் என்றால் 452 மணி வரும், "அப்போது 120 மணி சும்மா இருந்ததா?" என்று கேட்பார்கள். 44 மணிக்கு இரண்டு பகுதி நேர ஆள், மாலை 5 முதல் 9 வரை, வாரம் ஆறு நாள்: 48 மணி. இதைக் கேளுங்கள், கிடைக்கக்கூடிய ஒன்று. மாத முதல் பத்து நாளுக்கும் பண்டிகைக்கும் தனியாக ஆள் கேளுங்கள். நம் பக்கத்தில் கூட்டம் சம்பளத் தேதியை மட்டும் பார்த்து வருவதில்லை. குறுவை நெல்லுக்குப் புரட்டாசி, ஐப்பசியிலும் சம்பாவுக்குத் தை, மாசியிலும் கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறினதும் ஊரே மொத்தமாக மளிகை எடுக்கும். சென்னையில் உட்கார்ந்து ஷிப்ட் போடுகிறவருக்கு இந்தக் காலண்டர் தெரியாது, நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதுவரை ஷிப்ட் இப்படி: இரண்டு பேர் 8–5, இரண்டு பேர் 11.30–8.30, இரண்டு பேர் 1–10. எல்லோருக்கும் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு. மாலை ஐந்திலிருந்து எட்டரை வரை நாலு பேர் நிற்பார்கள்: இரண்டு கவுண்டர், ஒரு தராசு, ஒரு வாசல். மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை மூன்று ஷிப்டும் ஒன்றாக இருக்கும். லாரி அந்த நேரத்தில்தான் வர வேண்டும். லாரி நேரத்தை மாற்ற ஒரு பைசா செலவில்லை, முதலில் அதைக் கேளுங்கள். வார ஓய்வை சனி, ஞாயிறில் போட முடியாது. திங்கள் முதல் வெள்ளிக்குள் ஏழு ஓய்வும் முடிய வேண்டும், இரண்டு நாளில் இரண்டு பேர். லாரி வரும் நாளில் இரட்டை ஓய்வு விழாமல் பாருங்கள்.

---

கோடவுன் சாவி

தேரடி சார் சொன்ன கணக்கு சரி. ஆனா லாரி நேரம் மாறுற வரைக்கும் சாயங்காலம்தானே வரும்? அதுக்கு ஒரு வழி.

ஆறு மணிக்கு வந்தா எல்லாத்தையும் பிரிச்சு எண்ணாதீங்க. பெட்டிய மட்டும் எண்ணுங்க, டேப் கிழிஞ்சது, நனைஞ்சது இருந்தா தனியா வைங்க. டெலிவரி சலான்ல "பெட்டி எண்ணிக்கை மட்டும் சரிபார்த்தது"ன்னு கையால எழுதி, டிரைவர் கையெழுத்தையும் வாங்குங்க. பால், தயிர், ஐஸ்கிரீம் மட்டும் உடனே உள்ள போகணும். மத்தது மறுநாள் காலைல 8-லேருந்து 10-க்குள்ள பிரிச்சு, குறைவு இருந்தா அப்பவே போட்டோவோட மெயில். பிரிக்காம சிஸ்டத்துல ஏத்தாதீங்க. ஆள் குறைஞ்ச கடைல முதல்ல நடக்குற தப்பு இதுதான்: நேரமில்லன்னு இன்வாய்ஸ அப்படியே ஏத்திடுவாங்க. 24 வரவேண்டிய எடத்துல 20 வந்திருக்கும், சிஸ்டம் 24-ன்னு நம்பும். கடைசி நாலு எப்பவும் ஸ்டாக்ல இருக்குற மாதிரியே காட்டும், இண்டென்ட் (சரக்குக் கேக்குற ஆர்டர்) தானா போகாது, ரேக் காலி. அந்தக் காலி ரேக்கத்தான் உங்க ஏரியா மேனேஜர் போட்டோ எடுக்கறார். வாரம் ஒருநாள், அதிகம் ஓடுற 50 ஐட்டத்த மட்டும் கையால எண்ணி சிஸ்டத்தத் திருத்துங்க. ஒரு மணி நேர வேலை.

எக்ஸ்பைரிக்கு மொத்தக் கடையையும் சுத்த வேண்டாம். ரேக்குகள ஆறு பகுதியாப் பிரிச்சு, நாளைக்கு ஒரு பகுதி, ஒரு மணி நேரம், காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி. இன்னும் 45 நாளுக்குள்ள முடியறத ஒரு நோட்டுல தேதி வரிசையா எழுதுங்க. நிறைய கம்பெனி தேதி முடியறதுக்கு முன்னாடி கொடுத்தாத்தான் திருப்பி எடுப்பாங்க. அந்தக் கெடு தாண்டினா நஷ்டம் கடைக்கு. ஹெட் ஆபீசுக்கு இதையும் கணக்காவே சொல்லுங்க: 12 சதவீத லாபத்துல விக்கிற 100 ரூபா பாக்கெட் ஒண்ணு கெட்டா 88 ரூபா போச்சு. அத ஈடுகட்ட அதே பாக்கெட் ஏழெட்டு விக்கணும். ஆளக் குறைச்சு மிச்சம் பண்ணுன சம்பளம் இந்த வழியாத்தான் வெளிய போகுது. மூணு மாச டேமேஜ், எக்ஸ்பைரி ரிப்போர்ட்ட, ஆளக் குறைச்ச தேதிக்கு முன்னாடி மூணு மாசத்தோட பக்கத்துல பக்கத்துல வச்சு அனுப்புங்க.

ஐப்பசி, கார்த்திகைல நம்ம பக்கம் ஈரக்காத்து. கோடவுன்ல மூட்டைய அவசரத்துல தரைல போட்டு சுவத்தோட சாத்துவாங்க. அடி மூட்டை வேர்த்து, ரவை கட்டி தட்டும், பத்து நாள்ல வண்டு. பலகை மேல, தரைலேருந்து அரை அடி ஒசரத்துல, சுவத்துலேருந்து ஒரு அடி தள்ளி. ரவை, மைதா, கடலை மாவு மூணையும் மழை மாசத்துல ஒரு வாரம் விக்கிற அளவுக்கு மேல பேக் பண்ணாதீங்க. வண்டு வந்த ஒரு பாக்கெட்ட அந்த ரேக்லயே விட்டா பக்கத்துப் பாக்கெட்டுக்கும் போகும். ஓரத்துல மாவு நூல் நூலாத் தொங்குனா அது அந்துப்பூச்சிப் புழு, மொத்த வரிசையையும் எடுத்துடுங்க.

பேக்கிங்ல ஆள் இல்லன்னு ஸ்டிக்கர் ஒட்டாம ரேக்ல வைக்காதீங்க. பொருள் பெயர், நிகர எடை, பேக் பண்ணுன மாசம் வருஷம், எம்ஆர்பி, பேக் பண்ணுனவர் முகவரி, புகார் எண் இருக்கணும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை. தமிழ்நாட்டுல இதுக்கெல்லாம் சோதனைக்கு வர்றது தொழிலாளர் துறைதான். மாட்டுனா "ஆள் இல்ல"ங்கறது பதிலா நிக்காது.

விட வேண்டியது எதுன்னு கேட்டீங்க. ஆஃபர் கோபுரம் அடுக்குறது, ரேக் முகப்ப மணிக்கொரு தடவ இழுத்து விடுறது, தினம் போட்டோ ரிப்போர்ட். இது மூணையும் விடலாம். லோடு எண்ணுறது, தேதி பாக்குறது, குளிர்பெட்டி வெப்பம் குறிக்கிறது மூணையும் விடவே கூடாது. ஃப்ரீசர் மைனஸ் 18-ல நிக்கணும், கரண்ட் போனா மூடியத் தொறக்கவே விடாதீங்க.

---

வெண்ணாறு

தோழர், சட்டம் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

கேஷ் குறைந்தால் எல்லோரிடமும் சமமாகப் பிடிப்பது செல்லாது. ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்த பணமோ பொருளோ, அவருடைய அலட்சியத்தால்தான் குறைந்தது என்று காட்ட வேண்டும். அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். பிறகுதான் பிடித்தம். 1936 சம்பளச் சட்டத்திலும் இதுதான், இப்போதைய சம்பளத் தொகுப்புச் சட்டத்திலும் (வேஜ் கோடு) இதுதான். ஒரே டிராயரில் மூன்று பேர் கை வைத்தால் யார் பொறுப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. ஆள் குறைந்த கடையில் "கொஞ்சம் உட்கார்" என்று அடுத்தவர் லாகின்னில் பில் போடுவார்கள், குறைவு அங்கேதான் விழும். ஆளுக்கு ஒரு லாகின், ஆளுக்கு ஒரு டிராயர், ஷிப்ட் மாறும்போது இருவரும் எண்ணிக் கையெழுத்து. ஐந்து நிமிடம் ஆகும். பில்லிங் பெண்களைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ன்படி நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு மணி ஓய்வு, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை 12 மணியைத் தாண்டக் கூடாது. "ஆள் வரவில்லை, எட்டிலிருந்து பத்து வரை நில்" என்பது ஓவர்டைம் கொடுத்தாலும் தவறுதான். 2021-ல் 22-ஏ பிரிவு சேர்த்தார்கள்: எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை கட்டாயம். பில்லிங் கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இல்லை என்றால் இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். 24 மணி நேரமும் கடை திறக்க அனுமதித்த அரசாணையில், பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்த எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் நிபந்தனை. 1–10 ஷிப்டில் பெண்களைப் போடுவதானால், வலங்கைமான் பக்கமோ திருப்பனந்தாள் பக்கமோ கடைசி டவுன் பஸ் போன பிறகு அவர்கள் எப்படி வீடு போவார்கள் என்பதற்கு நிர்வாகம் பதில் வைத்திருக்க வேண்டும்.

வேலையை விட்டு எடுத்த நாலு பேர்: ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது (41-ஆவது பிரிவு). மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு குறைவு, அவர்கள் இப்போதே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். விலகல் கடிதம் வற்புறுத்தி வாங்கியது என்றால் அன்றைய வாட்ஸ்அப் செய்தி, அழைப்பு விவரம் எதையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, விலகினார் என்று எழுதியிருந்தாலும் உண்டு.

இன்னொன்று. பத்துப் பேருக்குக் கீழே வந்துவிட்டோம், இனி ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தடவை ஈஎஸ்ஐக்குள் வந்த நிறுவனம் ஆள் குறைந்தாலும் உள்ளேதான்.

---

அரசலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. லாரி நேரத்துக்கும் 44 மணிக் கணக்குக்கும் இன்றே மெயில் போடுகிறேன். டிராயர் தாள் நாளையிலிருந்து. ஒரே கேள்வி: பகுதி நேரத்துக்கு காலேஜ் பசங்களை எடுத்துக்கொள், ஈஎஸ்ஐ எல்லாம் வேண்டாம் என்று ஏரியா மேனேஜர் போனிலேயே சொல்லிவிட்டார். செய்யலாமா?

---

வெண்ணாறு

பகுதி நேரம் என்றாலும் ஈஎஸ்ஐ உண்டு. ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகம் 3.25. பெட்டி விழுந்து கால் உடைந்தால் அன்றைக்குக் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள். போனில் சொன்னதை மெயிலில் கேளுங்கள், எழுத்தில் "வேண்டாம்" என்று தர மாட்டார்கள். 18 வயது முடிந்த சான்று வாங்கிய பிறகே உள்ளே விடுங்கள்.

---

தேரடி திருவாரூர்

மார்கழி பிறப்பதற்குள் சேர்த்துவிடுங்கள். முதல் வாரம் கேஷில் உட்கார வைக்காதீர்கள். தராசிலும் பை போடுவதிலும் நிற்கட்டும், தராசில் அடிக்கும் காய்கறி கோடு நம்பர் 40-ம் மனப்பாடம் ஆகட்டும். நாட்டுத் தக்காளிக்கு ஹைப்ரிட் கோடு, சின்ன வெங்காயத்துக்குப் பெரிய வெங்காயக் கோடு, புது ஆளிடம் பணம் போவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். இரண்டாவது வாரம் மதியம் இரண்டு முதல் நாலு வரை, கூட்டமில்லாத நேரத்தில், பழைய ஆள் பக்கத்தில் நிற்க பில் போடட்டும். பொங்கல் பானையும் கரும்பும் வாசலில் இறங்குவதற்குள் இரண்டாவது கவுண்டர் அவர்கள் கையில் இருக்கும்.