நினைவகத்தின் 'பட்டையகலம்': வரைகலை அட்டை ஒப்பீட்டுக்கு ஒரு மாற்றுச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

இரண்டு வரைகலை அட்டைகளின் செயல்திறனை ஒப்பிட்டுத் தமிழில் எழுத முற்படும்போது மின்நுகர்வு, கடிகார வேகம், நினைவகக் கொள்ளளவு ஆகியவற்றுக்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. இடறுவது பேண்ட்வித் என்னும் ஓரிடத்தில்தான். அகராதிகள் இதற்குப் 'பட்டையகலம்' என்று தருகின்றன. வானொலிக்கு அது முற்றிலும் பொருந்தும். அங்கே அலைவெண்களின் பட்டை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதன் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் இடையிலுள்ள அகலத்தை ஹெர்ட்சில் அளக்கிறோம். நினைவகத்துக்கும் வரைகலைச் செயலிக்கும் இடையில் நாம் கேட்கும் கேள்வி வேறு: ஒரு வினாடியில் எத்தனை ஜிகாபைட் தரவு கடக்க இயலும்? ஆங்கிலம் தன் பழைய சொல்லையே இந்தப் புதிய பொருளுக்கும் நீட்டிக்கொண்டது. அந்த நீட்டலையும் சேர்த்து நாம் பெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பொருந்தாமை மட்டும் என்றால் பழக்கத்தை முன்னிட்டு விட்டுவிடலாம். ஆனால் வரைகலை அட்டை விஷயத்தில் இச்சொல் நேரடியாகவே குழப்புகிறது. என்விடியா நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3060 அட்டையையும் 2023இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4060 அட்டையையும் எடுத்துக்கொள்வோம். முன்னதன் 12 ஜிபி வகையில் நினைவகப் பாட்டையின் (நினைவகத்துக்கும் செயலிக்கும் இடையில் தரவு செல்லும் தடங்களின் தொகுதி, ஆங்கிலத்தில் பஸ்) அகலம் 192 பிட். ஒவ்வொரு தடத்திலும் வினாடிக்கு 15 ஜிகாபிட் செல்லும். இரண்டையும் பெருக்கி எட்டால் வகுத்தால் வினாடிக்கு 360 ஜிகாபைட். பின்னதன் பாட்டை அகலம் 128 பிட், தடத்துக்கு 17 ஜிகாபிட், ஆகவே 272 ஜிகாபைட். (3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் வகை ஒன்றும் பின்னர் வந்தது, அதற்கு இந்த எண் 240. பெயரை மட்டும் பார்த்து ஒப்பிடுவோர் இதில் எளிதாக ஏமாறுவார்கள்.) இதைப் பழைய சொற்களில் எழுதினால் "பாட்டை அகலம் 192, பட்டையகலம் 360" என்று வரும். ஒரு கால் எழுத்து விடுபட்டால் பொருள் மாறிவிடும் இரு சொற்களை ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில் வைப்பது படிப்பவருக்கும் மெய்ப்புத் திருத்துபவருக்கும் செய்யும் கொடுமை. அதைவிட முக்கியமாக, அகலம் என்பது பெருக்கப்படும் இரு எண்களில் ஒன்று மட்டுமே. பெருக்கி வந்த விடைக்கும் அகலம் என்றே பெயரிடுவது கணக்கையே மறைத்துவிடுகிறது.

நண்பர் ஒருவர் 'நினைவக வேகம்' என்று எளிமையாகச் சொன்னால் போதாதா என்று கேட்டிருந்தார். மேலே சொன்ன எண்களே அதற்கு விடை. தடத்துக்கு 17 ஜிகாபிட் என்ற கணக்கில் 4060இன் நினைவகமே வேகமானது. ஆயினும் வினாடிக்குக் குறைவான தரவையே அது தருகிறது. மேலும், கேட்ட தரவின் முதல் துளி வந்து சேர எடுக்கும் நேரத்தையும், அதாவது சுணக்கத்தையும், பலர் வேகம் என்ற சொல்லாலேயே குறிக்கிறார்கள். ஏற்கெனவே இத்தனை சுமை ஏறிய சொல்லின் மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டாம். 'கடத்துதிறன்' என்ற முன்மொழிவு கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இயற்பியல் பாடத்தில் அது வேறொரு பண்புக்கு உரியதாகிவிட்டது.

என் பரிந்துரை 'வரத்து'. அணைகளைப் பற்றிய செய்தியில் நீர்இருப்பு ஓர் எண்ணாகவும் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி என்று மற்றோர் எண்ணாகவும் வருவதை எல்லோரும் படித்திருக்கிறோம். இருப்பையும் வரத்தையும் எவரும் குழப்பிக்கொள்வதில்லை. வரைகலை அட்டையில் இதே குழப்பம்தான் மிகுதி. 12 ஜிபி என்பது இருப்பின் எல்லை, 360 என்பது வரத்தின் எல்லை. விளையாட்டின் காட்சித் தரவுகள் 4060இன் கொள்ளளவான 8 ஜிபிக்குள் அடங்காதபோது 12 ஜிபி 3060 முந்துவது கொள்ளளவால். அங்கே வரத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் தவறாகிவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. 1080பி தெளிவில் (திரையில் 1920×1080 படப்புள்ளிகள்) பெரும்பாலான விளையாட்டுகளில் 4060 தான் முந்துகிறது, வரத்து குறைவாக இருந்தும். கடிகார வேகம் உயர்ந்தது ஒரு காரணம். இரண்டாம் நிலை கேஷ், அதாவது செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம், 3 மெகாபைட்டிலிருந்து 24 மெகாபைட்டாகப் பெருகியது மற்றொன்று. செயலி தேடும் தரவு கேஷிலேயே கிடைத்துவிட்டால் வெளி நினைவகத்தை நாட வேண்டியதில்லை. என்விடியாவே தன் அறிமுகத் தரவுகளில் 272 என்ற எண்ணுடன் 453 என்ற வேறொரு மதிப்பையும் தந்தது இந்தக் கணக்கில்தான். அதைப் 'பயனுறு பட்டையகலம்' என்று பெயர்த்தால் எந்த அகலம் எப்படிப் பயனுற்றது என்று யாருக்கும் விளங்காது. 'பயனுறு வரத்து' என்றால் விளங்கும். அதே போல வன்பொருளின் எல்லையை 'உச்ச வரத்து' என்றும், சோதனையில் கிடைத்ததை 'அளந்த வரத்து' என்றும் பிரிக்கலாம். ஆங்கிலத்தில் பேண்ட்வித், த்ரூபுட் என்று இரு வேறு வேர்ச்சொற்களால் செய்வதை நாம் ஒரே வேரில் அடையால் செய்துகொள்கிறோம்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. செயலி நினைவகத்திலிருந்து படிப்பதோடு நிற்பதில்லை, எழுதவும் செய்கிறது. வரத்து என்பது உள்ளே வருவதை மட்டுமே சொல்லும். இதை நான் மறுக்கவில்லை. திசை சாராத 'பாய்வு' என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன், ஆனால் காந்தப்பாயம் முதலிய சொற்களில் வரும் பாயத்துக்கு அது மிக அருகில் நிற்கிறது. மாணவர் ஒருவர் இரண்டையும் ஒரே ஆண்டில் படிக்க நேரிடும். படிப்பையும் எழுத்தையும் தனித்தனியே அளக்கும் சோதனைகளில் 'படிப்பு வரத்து', 'எழுத்து வரத்து' என்று எழுதினால், சென்று சேரும் இடத்தின் நோக்கிலிருந்து இரண்டுமே வரத்துதான். செயலியிலிருந்து புறப்படுவது நினைவகத்துக்கு வரத்து. இந்த விளக்கம் சற்றே வலிந்து சொல்வது போல் தோன்றலாம், எனினும் பட்டையகலத்தின் சிக்கலோடு ஒப்பிட்டால் தாங்கக்கூடியதே.

வானொலி, அலைவெண் சார்ந்த இடங்களில் பட்டையகலம் அப்படியே இருக்கட்டும். நினைவகம், வட்டு, கணினிப் பாட்டை ஆகியவற்றுக்கு மட்டும் வரத்தைப் பயன்படுத்தலாம் என்பதே முன்மொழிவு. இணைய இணைப்புக்கு எது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. அதற்குத் தனி இழை தொடங்குவது நல்லது. நான் எழுதும் ஒப்பீட்டுக் கட்டுரையில் இதைச் சொல்லும் வரியை இப்போதைக்கு இவ்வாறு வைத்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் தெரிவியுங்கள்: "4060இன் உச்ச வரத்து 3060ஐவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு, கேஷ் பெரிதாக இருப்பதால் 1080பி தெளிவில் அக்குறை பெரிதாக வெளிப்படுவதில்லை, தெளிவு கூடும்போது 4060இன் முன்னிலை சுருங்குகிறது."

அன்புடன்.