சோழர் காலக் கொலை மர்ம நாவல்: துப்பறிவது யார்?

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். சோழர் காலத்தில் நடக்கும் கொலை மர்ம நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். போலீஸே இல்லாத காலத்தில் யாரைத் துப்பறிய வைப்பது என்று தெரியாமல் மூன்றாவது அத்தியாயத்திலேயே நிற்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

பதில் 1:
ஊர்ச்சபையில் கணக்கு எழுதுபவனை வையுங்கள், நிலம் யார் பெயரில் மாறியது என்பது அவனுக்குத்தான் தெரியும். உடையார்குடிக் கல்வெட்டைப் பாருங்கள், இராஜராஜனின் அண்ணன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்களைச் சொல்லி உறவினர் சொத்து உட்பட பறிமுதல் செய்கிறது. ஆனால் அது இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. நடுவில் உத்தம சோழன் ஆட்சியே முடிந்துவிட்டது, அவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தார்கள்? அதிலேயே ஒரு நாவல் இருக்கிறது சார்.

பதில் 2:
தண்டனையில் கோட்டை விடாதீர்கள். எடுத்ததற்கெல்லாம் கழுவேற்றுவது சினிமாத்தனம். வேட்டையில் அம்பு தவறிப்போய் ஆள் செத்தால், கொன்றவன் கோயிலில் நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க நெய்க்காக ஆடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பான கல்வெட்டுகள் உண்டு, ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. அப்போ வேண்டுமென்றே குறிபார்த்து அடித்துவிட்டு 'தவறிவிட்டது' என்று சொன்னால்?

கேட்டவர்:
ஐயோ, அந்த 96 ஆடு போதும்! முதல் அத்தியாயத்தையே மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்குப் போய்த் தமிழ்க் கல்வெட்டுகளையும் பார்த்துவிட்டு வருகிறேன், வீட்டிலிருந்து பக்கம்தான், இத்தனை வருஷமாகப் போனதில்லை.